தேருக்கு அடைத்த மதகு

ஓவசியர் சிவகரனுக்கு ஊரில் கெட்ட பெயர் இல்லை. பிரதேச சபையில் தெரு, வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்துக்கொண்டு இவ்வளவு காலம் இருந்தும் ஒருவருக்குக் கெட்ட பெயர் வரவில்லை என்றால் அது லேசுப்பட்ட விஷயமில்லை. குப்பை எடுக்கவில்லை, தெரு லைற் எரியவில்லை, ஒழுங்கைக்குக் கிரவல் போடவில்லை என்று சனம் முதலில் பிடிப்பது ஓவசியரைத்தான். தவிசாளரை ஏசுவதென்றால் உடுத்திக்கொண்டு சபைக்குப் போகவேண்டும். ஓவசியரைச் சந்தியில் மறித்து நின்றபடியே ஏசலாம். சிவகரனும் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி, ஹெல்மெற்றைக் கழற்றி, ஏச்சு முடியும்வரை கேட்பார். பிறகு "ஓம் அண்ணை, பாப்பம்" என்பார். அவர் சொன்ன "பாப்பம்"களில் பாதி உண்மையாகவே நடந்தும்விடும். அதனால் சனத்துக்கு அவரில் ஒரு வாரப்பாடு.

அவருடைய பகுதிக்குள் இருந்தது கோயிலடி மதகு. மாரிமழைக்கு மேற்கே தரவைக் குடியிருப்பில் சேருகிற வெள்ளமெல்லாம் ஒரு வாய்க்காலால் வந்து, அம்மன் கோயில் வெளிவீதிக்குக் கீழே இந்த மதகுக்குள் புகுந்து, கிழக்குப் பக்கம் சிவகரன் வீட்டு ஒழுங்கையோரமாகப் போய்க் குளத்தில் விழவேண்டும். முந்தி வேறு வழிகளும் இருந்தன. ஒன்றுக்கு மேல் யாரோ மதில் கட்டிவிட்டார்கள். இன்னொன்றுக்கு மேல் கல்யாண மண்டபம் நிற்கிறது. வெள்ளத்துக்கு உறுதி இல்லை, காணி எல்லை இல்லை, வழக்குப் பேச ஆளும் இல்லை. அதன் வழியில்தான் எல்லாரும் கட்டினார்கள்.

மிஞ்சின ஒரே மதகுக்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. மேலே போட்ட கொங்கிறீற் தட்டுப் பழசு. ஒரு ஆவணியில் தேர்ச் சில்லு அதில் ஏறியபோது தட்டு வெடித்துவிட்டது. தேர் சரியாமல் தப்பியது அம்மன் செயல் என்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து ஊரில் ஒரு வழக்கம் வந்தது. தேருக்கு முதல் நாள் உரப்பைகளில் கிரவல் நிரப்பி மதகின் வயிற்றுக்குள் இறுக்கி அடுக்கித் தட்டுக்கு முட்டுக் கொடுப்பது, கடைசிப் பூங்காவனத் திருவிழா முடிந்ததும் இழுத்து எடுத்துவிடுவது. எந்தச் சட்டத்திலும் இல்லாத வேலைதான். ஆனாலும் சபையின் ஆட்களே செய்வார்கள், கோயில் தர்மகர்த்தா சண்முகநாதன் அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார். புது மதகு ஒன்று கட்டுகிற திட்டமும் இருந்தது. அது வருடா வருடம் அடுத்த வருடத் திட்டத்தில் இருந்தது.

அந்த வருடமும் தேர் நல்லபடி ஓடியது. உரப்பைகளை எடுக்க வேண்டிய கிழமை உழவு இயந்திரம் பழுது. மற்றக் கிழமை சபையின் ஆட்கள் வேறு வேலையில். புரட்டாதி வெயிலில் மதகைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு பின்னேரம் இடி முழங்கி ஒரு பாட்டம் மழை கொட்டியது. சிவகரன் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் வீட்டு யோசனைதான். போன சித்திரையில்தான் மனைவி தயாளினி ஆசைப்பட்டு வீடு முழுக்க மாபிள் பதித்திருந்தாள். மழைக்காலத்தில் ஒழுங்கையால் வருகிற வெள்ளம் முற்றத்தை நிரப்பி, சில வருடங்களில் குசினி வரைக்கும் எட்டிப்பார்க்கும். ஆனால் கேற்றைத் திறந்தபோது முற்றம் காய்ந்த மாதிரிக் கிடந்தது.

"உங்கடை சபை இந்த முறை வேலை செய்திருக்குது போலை" என்றாள் தயாளினி.

"ஏன்?"

"முத்தத்தைப் பாருங்கோ. வழக்கமா இந்த மழைக்கு வாசல்படி மட்டும் நிக்கும். இண்டைக்கு ஒரு சொட்டில்லை."

சிவகரனுக்கு உடனே விளங்கிவிட்டது. மதகு அடைத்துக் கிடக்கிறது, அதுதான் தண்ணீர் இந்தப் பக்கம் வரவில்லை. அப்படியென்றால் அது அந்தப் பக்கம் நிற்கிறது. இதை விளங்கிக்கொள்ள ஓவசியராக இருக்கத் தேவையில்லை. ஆனால் தயாளினி அன்றைக்குச் சிரித்த முகத்தோடு நின்றாள். சூடாகத் தேத்தண்ணி கொடுத்தாள். நாளைக்கு எடுப்பம் என்று நினைத்துக்கொண்டு அவர் அதைக் குடித்தார்.

நாளைக்கு வந்தது, போனது. சபையில் வேலை செய்யும் பிரகாஸ் இரண்டொரு தடவை கேட்டான்.

"ஓவசியர், கோயிலடி உரப்பை எப்ப எடுக்கிறது?"

"சொல்லுறன்."

மாரி இன்னும் பலக்கவில்லை, பலக்கமுதல் ஒரு நாளில் எடுத்துவிடலாம், அதுவரைக்கும் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டுமே என்று அவர் தனக்குள் நியாயம் பேசினார். நியாயம் பேச வெளிக்கிட்டால் மனிதனுக்கு வாய் ஓயாது. அதுவும் கேட்கிற ஆளும் தானே என்றால் சொல்லத் தேவையில்லை.

மழைக்கு முன்னால் வழக்கமாக நடக்கிற கூட்டம் பிரதேச செயலகத்தில் நடந்தது. றோல்சும் பிளேன்ரீயும் உண்டு. வாய்க்கால் எங்களுடையதில்லை என்று ஒருவரும், வீதி எங்களுடையதில்லை என்று இன்னொருவரும் சொல்லி முடிக்கப் பாதி நேரம் போய்விடும். ஆனால் அந்த வருடம் அனர்த்த வேலைக்குப் பொறுப்பாக வந்திருந்த உதயகலா கெட்டிக்காரி. வயது குறைவு, வேலை சுத்தம். பள்ளக் காணிகளையெல்லாம் சிவப்பு நிறத்தில் காட்டும் வரைபடமொன்று தயாரித்திருந்தாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைத் தங்கவைப்பது, படகை எங்கே நிறுத்துவது, நடக்கமாட்டாதவர்கள் யார் யார் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"தரவைக்குப் போய்ப் பாத்துக்கொண்டிருக்க ஆக்கள் காணாது" என்றாள். "அங்கை வாற தண்ணி மதகாலை வந்து குளத்திலைதானே விழுது. குளத்திலை ஒரு அளவுகோல் நட்டிருக்கிறம். சிவப்புக் கோட்டுக்குத் தண்ணி வந்தால் தரவைச் சனத்தை உடனை எழுப்பவேணும். செல்வநாயகம் ஐயா மாதிரிப் படுக்கையிலை கிடக்கிறவையைத்தான் முதல்லை."

நல்ல திட்டம். செலவில்லாத திட்டம். அந்த மதகு திறந்திருந்தால் பிழை போகாத திட்டம்.

"கோயிலடி மதகு எப்பிடி அண்ணை?" என்று உதயகலா சிவகரனைக் கேட்டாள்.

"எல்லாம் துப்பரவு, தங்கச்சி."

சொன்ன கையோடு, பின்னேரமே எடுத்துவிட்டால் சொன்னது பொய்யாகாது என்று கணக்குப் போட்டார். பின்னேரம் மதகடிக்குப் போகவும் செய்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தார். உரப்பைகள் தம்பாட்டில் கிடந்தன. நின்றார், வீட்டுக்கு வந்துவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் வங்கக் கடலில் எழும்பிய தாழமுக்கம் கரையைத் தொடமுதலே குடாநாட்டின்மேல் மழையைக் கொட்டத் தொடங்கியது. பகல் முழுக்கப் பெய்தது, இரவு முழுக்கப் பெய்தது. விடிந்ததும் சிவகரன் தேத்தண்ணியோடு விறாந்தையில் வந்து நின்றார். மழை நீரைத் தவிர முற்றத்தில் ஒன்றுமில்லை. அப்போதுதான் உதயகலாவின் அழைப்பு வந்தது.

"அண்ணை, குளம் இன்னும் அரைவாசிக்குக் கீழைதான். அப்ப தரவைக்குப் பயமில்லை. நான் படகையும் ஆக்களையும் மற்றப் பக்கம் அனுப்பப்போறன், சரிதானே?"

குளம் நிரம்பாததற்குக் காரணம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உலகத்தில் அதைத் தெரிந்த மூன்று நான்கு பேரில் ஒருவர் இங்கே காய்ந்த விறாந்தையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, குளத்தைப் பாக்காதேங்கோ. தரவைக்கு அனுப்புங்கோ. இப்பவே அனுப்புங்கோ."

"ஏன் அண்ணை, என்ன?"

"அனுப்புங்கோ பிள்ளை!"

கோயிலடிக்கு வந்தபோது வெளிவீதிக்கு இந்தப் பக்கம் தார் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரே வெள்ளக்காடு. வேலிக் கதியால்களின் நுனி மட்டும் தெரிந்தது. ஜேசிபி கொண்டுவரச் சொல்லிப் பிரகாஸுக்குப் போனில் கத்திவிட்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. தரவையில் இருப்பவர்கள் காங்கேசன்துறைப் பக்கமிருந்து சண்டைக்காலத்தில் எழும்பி வந்தவர்கள். சொந்தக் காணிக்குத் திரும்ப வழியில்லாமல், யாரும் வாங்காத பள்ளக் காணியில் வீடு கட்டினவர்கள். முதலாவது வீடு செல்வநாயகத்தாருடையது. சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையாகிப் பல காலம்.

உள்ளே அவருடைய மனைவி குணலட்சுமி கட்டிலடியில் நின்று புருஷனின் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். மெத்தை தண்ணீருக்குள் தாழ்ந்திருந்தது. கிழவரின் உடம்பு முழுக்க நனைந்து உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஆரும் வரேல்லைத் தம்பி" என்று குணலட்சுமி அழுதார். "விடியமுந்தியே வந்திட்டுது. கத்தினன், மழையிலை ஒருத்தருக்கும் கேக்கேல்லை. குளம் நிரம்பினால் வந்து ஏத்துவம் எண்டு சொன்னவை, அதுதான் வருவினம் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

சிவகரன் கிழவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் குணலட்சுமியைப் பிடித்தபடி வெளியே வந்தார். நெஞ்சளவு தண்ணீரில் தடுக்கித் தடுக்கி வந்த அவரைக் குடியிருப்புச் சனம் கூரைகளிலும் மதில்களிலும் நின்று பார்த்தது. கிழவரின் பற்கள் அவருடைய காதுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டே வந்தன. அந்தச் சத்தம் பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

படகு வந்து மற்றவர்களை ஏற்றியது. ஜேசிபி வந்து மதகைக் கிளறியது. மண்ணும் உரப்பையுமாகப் பிய்ந்து வந்தவுடன் வெள்ளம் இரைந்துகொண்டு கிழக்கே பாய்ந்தது. பொழுதுபடுமுன் தரவையில் வாசல்படிகள் தெரியத் தொடங்கின.

"ஓவசியர் வந்து கை வைச்ச உடனை வெள்ளம் வடிஞ்சுது" என்று பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனம் சொன்னது. வெள்ளம் கொண்டுவந்த குப்பை மதகை அடைத்துவிட்டது என்று அவர்களே ஒரு காரணமும் சொன்னார்கள். சிவகரன் அதை மறுக்கவில்லை. பிரகாஸ் தலையைக் குனிந்துகொண்டு போனான். சண்முகநாதன் அவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, தேர்க் கதை வெளியிலை வரவேண்டாம். அம்மனுக்கும் பேர் கெடும்" என்றார். அம்மனின் பெயரைக் காப்பாற்றுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

செல்வநாயகத்தாரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளிர் நெஞ்சுக்குள் இறங்கிச் சளி கட்டிவிட்டது. சிவகரன் வேலை முடிய ஒவ்வொரு நாளும் மருதனார்மடச் சந்தையில் தோடம்பழமோ இளநீரோ வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே இருந்து கரண்டியால் பருக்கினார். கிழவருக்குப் பேச்சு வராது. கண்ணால் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றிதான், வேறொன்றுமில்லை. அதுதான் சிவகரனால் தாங்க முடியாமல் இருந்தது. ஏசியிருந்தால் ஹெல்மெற்றைக் கழற்றிவைத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் கிழவர் போய்விட்டார். நிமோனியாக் காய்ச்சல் என்று எழுதினார்கள். வெள்ளத்தைப் பற்றி நடந்த மீளாய்வுக் கூட்டத்தில், எங்கள் பிரிவில் ஒரு உயிரிழப்பும் இல்லை என்று வாசித்தார்கள். கைதட்டினார்கள். ஓவசியர் சிவகரன் உயிரைக் கொடுத்து வேலை செய்தார் என்று உதயகலா எழுந்து நின்று சொன்னாள். அப்போதும் கைதட்டினார்கள். குளத்து அளவுகோல் ஏன் பிழை காட்டியது என்று தனக்கு இன்னும் விளங்கவில்லை, தன் திட்டத்தில்தான் ஏதோ பிழை என்று அவள் வருத்தத்தோடு சொன்னபோது சிவகரன் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழும்பு, இப்போது எழும்பு என்று மனம் அடித்துக்கொண்டது. கூட்டம் முடிந்து எல்லாரும் எழும்பினபோதுதான் அவரும் எழும்பினார்.

செத்தவீட்டில் குணலட்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லி அழுதார்: "இந்தப் பிள்ளை தூக்காட்டில் அவர் அண்டைக்கே போயிருப்பார்!" கிழவரின் இளைய மகன் சண்டையில் இல்லாமல் போனான். மூத்த மகள் கஜந்தினி கனடாவில், விசாச் சிக்கலில் வரமுடியவில்லை. பெட்டி தூக்கும்போது ஒரு மூலை சிவகரனுடைய தோளில் வந்தது. யாரும் சொல்லி வரவில்லை, அவரும் மறுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்கக் கஜந்தினி கனடாவிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணா, அப்பான்ரை கல்வெட்டுக்கு எல்லாம் எழுதியாச்சு. நன்றி நவிலலிலை முதல் பேர் உங்கடைதான். 'வெள்ளத்தில் எமது தந்தையைத் தோளில் சுமந்து காத்த' எண்டு போட்டிருக்கிறன். உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

கல்வெட்டு என்பது எங்கள் பக்கத்தில் சும்மா புத்தகமில்லை. அந்தியேட்டி அன்று செத்தவரின் படமும் தேவாரமும் குடும்ப வரலாறுமாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பது. சனம் அதை எறியாது, சாமியறையில் வைக்கும். அதில் ஏறின பெயர் ஏறினதுதான்.

"என்ரை பேர் வேண்டாம் தங்கச்சி."

"நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அம்மா சொன்னவ" என்று அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

அன்று பின்னேரமே அவர் தரவைக்குப் போனார். குணலட்சுமி விறாந்தையில் செத்தவரின் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். சிவகரன் இருக்கவில்லை.

"அக்கா, கல்வெட்டிலை என்ரை பேர் போடவேண்டாம் எண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"ஏன் தம்பி? நீங்கள் செய்ததுக்கு..."

"அந்த மதகு வெள்ளத்திலை அடைபடேல்லை. தேருக்கு நாங்கள் அடைச்ச உரப்பை. எடுக்கவேண்டியது நான். எடுக்கேல்லை. குளம் நிரம்பாததும் அதாலைதான். உங்களை ஏத்த ஆக்கள் வராததும் அதாலைதான்."

குணலட்சுமி சேட்டை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"மறந்துபோனியளோ?"

எவ்வளவு சுகமான வாசல். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மன்னிப்பும் கிடைக்கும், பிளேன்ரீயும் கிடைக்கும்.

"இல்லை அக்கா. மறக்கேல்லை. எடுத்தால் எங்கடை வளவுக்கை தண்ணி வரும். அதுக்காக விட்டனான்."

குடியிருப்பில் எங்கோ ஒரு பைப் திறந்து வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"திறந்த பிறகு வந்ததோ?"

"என்ன அக்கா?"

"உங்கடை வளவுக்கை தண்ணி."

"வந்தது."

"எவ்வளவு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அதைவிட அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"கணுக்காலளவு. அடுத்த நாள் வத்தியிட்டுது."

குணலட்சுமி தலையை ஆட்டினார். "அவருக்குக் குளிருது எண்டு சொல்லவும் வாய் வராது. என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தார். நான் ஆக்கள் வருவினம், வருவினம் எண்டு அவருக்குச் சொல்லிக்கொண்டு நிண்டனான்."

சிவகரன் அழுதார். குணலட்சுமி அழவில்லை. மடியிலிருந்த சேட்டை எடுத்து மறுபடி மடித்தார்.

"பேரை எடுக்கச் சொல்லேக்கை ஏன் எண்டும் அவளிட்டைச் சொல்லுங்கோ அக்கா."

"பேர் இருக்கட்டும்" என்றார் குணலட்சுமி. "தகப்பனுக்குப் பக்கத்திலை தானில்லை, ஆனால் ஒருத்தர் தோளிலை தூக்கினவர் எண்டு நினைச்சுத்தான் அவள் அங்கை நித்திரை கொள்ளுறாள். அதையும் பறிக்க என்னாலை ஏலாது. நீங்களும் சொல்லக்கூடாது." பிறகு எழும்பிச் சேட்டுகளை அள்ளிக்கொண்டார். "அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு மட்டும் வராதேங்கோ, ஓவசியர்."

அவரைக் கூப்பிடக் குணலட்சுமியின் வாயில் அதுவரை தம்பி என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

அந்தியேட்டி அன்று சிவகரன் போகவில்லை. தயாளினி மட்டும் போய்க் கல்வெட்டோடு வந்து, கணவரின் பெயர் இருந்த பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்கும் காட்டினாள். அடுத்த நாள் சபையில் பிரகாஸ் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினான்.

"நேற்றுப் பந்தியிலை எல்லாரும் உங்களைத்தான் தேடினவை. இவ்வளவு செய்துபோட்டு ஒரு பிடி சோறு சாப்பிடக்கூட வராத மனிசன், பேர் புகழ் விரும்பாத மனிசன் எண்டு ஒரே கதை. சண்முகநாதன் ஐயா சொன்னார், அடுத்த திருவிழாவிலை உங்களுக்குப் பொன்னாடை போர்க்கவேணுமாம்."

"குணலட்சுமி அக்கா அங்கை நிண்டவவோ?"

"ஓம். அவதான் சோறு போட்டுக்கொண்டு வந்தவ."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை" என்றான் பிரகாஸ். "கேட்டுக்கொண்டு நிண்டவ. பிறகு அடுத்த இலைக்குப் போட்டிட்டா."